துணி உள்ளே வரக்கூடாது

"மெஷினை நிறுத்துங்க சகாயராஜ். மொதல்ல நிறுத்துங்க."

ஏ.சி. அறையிலிருந்து பேக்கிங் ஹாலுக்கு ஓடிவந்த வேகத்தில் மேனேஜர் சரவணக்குமாரின் ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றுவிட்டது. அதைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

ஏணியில் நின்ற பெயிண்டர் சகாயராஜ் ஸ்ப்ரே கன்னை அணைத்தான். ஹாலின் நடுவில் ஒரு தள்ளுவண்டி, அதில் ஆறு ரோல் துணி. பக்கத்தில், ஒன்றுமே நடக்காதது மாதிரி கம்பெனியின் பழைய ஆள் வேலாத்தாள்.

"ஷட்டரையெல்லாம் தூக்குங்க. நாலு ஃபேனையும் போடுங்க. துணியில வாசம் ஏறுது பாருங்க."

ஷட்டர்கள் தடதடவென்று மேலே போயின. உடுப்பில் தொங்கவிடும் டேக்கில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இருமிக்கொண்டே வெளியே ஓடினாள். யாரென்று சரவணக்குமார் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆடிட். ஹாலின் இரும்புத் தூண், உத்திரம் எல்லாவற்றுக்கும் தீ தாங்கும் பூச்சு அடித்திருக்க வேண்டும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லியிருந்தார். தீப்பிடித்தால் அந்தப் பூச்சு நுரைத்துப் பொங்கி, இரும்பு சட்டென்று வளையாமல் காக்குமாம். அதற்குள் உள்ளே வேலை செய்யும் பெண்கள் தப்பித்துவிடலாமாம்.

அப்படித் தப்பிக்க வேண்டிய பதினோரு பெண்களும் காலையிலிருந்து பூச்சுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். டேக் முடியாமல் யாரும் எழக்கூடாது என்பது சரவணக்குமாரின் உத்தரவு.

துணிக்கு மட்டும் அவர் அப்படியொரு கொடுமை செய்யவில்லை. கைக்குழந்தைகளுக்கான துணி, வாசம் ஏறினால் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அதனால் விடிந்ததும் அத்தனை ரோலையும் வெளியே காற்றோட்டமான கொட்டகைக்கு மாற்றி, வேலாத்தாளைக் காவலுக்கு வைத்தார். ஸ்ப்ரே புகை அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று ஹாலின் ஷட்டர்களை இறக்கினார். 'துணி உள்ளே வரக்கூடாது' என்று தன் கையாலேயே எழுதிப் பக்கவாட்டுக் கதவில் ஒட்டினார்.

அந்தக் கதவு வழியாகத்தான் வேலாத்தாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"வேலாத்தாக்கா, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?"

திட்டும்போதும் 'ங்க' போட அவருடைய கொங்கு நாக்கு மறப்பதில்லை.

"இருக்குதுங்க சார்."

"கதவுல எழுதி ஒட்டியிருக்கறனே, படிக்கலீங்களா?"

"படிச்சனுங்க. படிச்சுட்டுத்தானுங்க தள்ளிட்டு வந்தேன்."

சரவணக்குமாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காலையில் இவள் வந்து, "உள்ளே புள்ளைங்களுக்குக் கண்ணு எரியுதாமுங்க, ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவுடுங்க" என்றாள். "தண்ணியில கரைக்கற பெயிண்ட்டுங்க. தின்னர் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உங்க ஊட்டுச் செவுத்துக்கு அடிக்கற மாதிரித்தான்" என்று அனுப்பிவைத்தார். அந்தக் கடுப்பில் பழிவாங்குகிறாள்.

"தண்ணிப் பெயிண்ட்டுன்னாலும் ஸ்ப்ரே அடிச்சா நெஞ்சுக்குள்ள போவும் சார்" என்றான் சகாயராஜ், முகமூடியைக் கழற்றியபடி. "ஆளுங்கள வெளியேத்திட்டு, காத்தோட்டமா வச்சுத்தான் அடிக்கணும்னு டப்பாலயே போட்டிருக்கு. நா மொதல்லயே சொன்னேம்லா?"

சொன்னான்தான். 'அடிக்க முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்' என்று சரவணக்குமாரும் சொன்னார். அவனுடைய முகமூடியையும் கண்ணாடியையும் பார்த்து, 'நிலாவுக்குக் கெளம்பிட்டீங்களா?' என்று கேட்டுச் சிரிக்கவும் செய்தார்.

இப்போது அவன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பச்சைக் குழந்தைங்க போடற துணிங்க இது. இந்தக் கருமமெல்லாம் அதுங்க மூச்சுல போனா என்னத்துக்கு ஆகறது? கொஞ்சமாச்சும் மனசாட்சி வேண்டாங்களா?"

"வேணுமுங்க சார்."

"பதினாலு வருசமா இருக்கறீங்கன்னு பாக்கறேன். இல்லீன்னா நடக்கறதே வேற. நாளையில இருந்து வேலைக்கு வர வேண்டாங்க."

வேலாத்தாள் அதற்கும் தலையை ஆட்டினாள். கெஞ்சுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்திருந்த சரவணக்குமாருக்கு அது பெரிய ஏமாற்றம். எரிச்சலோடு போய் மேலே இருந்த ரோலின் பாலித்தீனைப் பிரித்தார்.

உள்ளே சிவப்பு ஸ்டிக்கர். ரிஜெக்ட். ஊசி முறிந்து வரிசையாக ஓட்டை விழுந்த துணி. முந்தாநாள் அவரே கையெழுத்துப் போட்டு ஒதுக்கியது. அடுத்த ரோலும் அப்படித்தான். ஆறும் அப்படித்தான்.

"ரிஜெக்ட் ரோலா?"

"நல்ல துணியைக் கெடுக்க எனக்கு மனசு வருமுங்களா?"

"அப்புறம் எதுக்குங்க இந்தக் கூத்து?"

வேலாத்தாள் திறந்திருந்த ஷட்டருக்கு வெளியே கை காட்டினாள். அங்கே, கொட்டகை ஓரம் குத்துக்காலிட்டு, சற்றுமுன் இருமிக்கொண்டே ஓடிய அபிராமி இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது.

"அந்தப் புள்ளைக்கு வீசிங்குங்க. ஒம்பது மணியில இருந்து உங்க ரூம் டிவியில தெரியற கேமராவுக்கு நேரா உக்காந்துதான் இருமிட்டுக் கெடந்துச்சு. நீங்க எந்திரிக்கலை. துணியைக் கண்டா எந்திரிப்பீங்கன்னு நெனைச்சேன், ஓடியே வந்துட்டீங்க. செருப்பு வாசல்ல கெடக்குது, எடுத்துப் போட்டுக்குங்க சார்."