அழாத நோயாளி

குழந்தை மனநல மேற்படிப்பில் டாக்டர் மகிழ்நன் மூன்று வருடங்களில் குணப்படுத்திய அறுநூறு பிள்ளைகளும் கணினியால் உருவாக்கப்பட்டவர்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் தவறாமல் அழுவார்கள். அழுததும் மனம் திறப்பார்கள். இந்தச் சாமர்த்தியத்துக்காக அவனுக்குத் தங்கப் பதக்கம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

இறுதித் தேர்வில்தான் முதன்முதலாக ஒரு நிஜப் பிள்ளை அவன் எதிரில் உட்கார்ந்தாள். பெயர் ரெபேக்கா, வயது பதின்மூன்று. பதினைந்து நிமிடம் ஆகியும் அவள் அழவில்லை.

"இப்ப நீ அழலாம்மா," என்றான் மகிழ்நன் கனிவாக.

"வரல சார். நீங்க என்னைப் பாக்கவே இல்ல. கடிகாரத்தையே பாக்கறீங்க."

இப்படி எந்தப் பிள்ளையும் அவனிடம் சொன்னதில்லை. அவன் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்த தேர்வாளர்கள் கூடிப் பேசி, குறை பிள்ளையிடம்தான் என்று முடிவுகட்டி, அவனுக்கு முழு மதிப்பெண் போட்டார்கள்.

வெளியே காத்திருந்த அவள் அம்மாவிடம் அவனே ஒரு பரிந்துரைச் சீட்டை எழுதிக் கொடுத்தான். "நோயாளியா நடந்துக்க உங்க பொண்ணுக்குத் தெரியலைங்க. ஒரு மாசம் பயிற்சி குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

"அவ ஒழுங்கா சாப்பிட்டே ஒன்பது நாளாச்சு டாக்டர்."

மகிழ்நன் சீட்டைத் திரும்ப வாங்கினான். 'ஒரு மாதம்' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டு வாரம்' என்று கருணையோடு எழுதிக் கொடுத்தான்.