கத்திரிக்காயும் ஒரு கை சர்க்கரையும்

நாற்பத்தைந்து வயதானதும் எல்லோரையும் போலச் செல்வகணபதிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த வயதுக்குமேல் வேலையெல்லாம் இயந்திரங்களுக்கு, மனிதர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான் என்பது சட்டம். ஓவியம், புல்லாங்குழல் என்று எதையெதையோ தொட்டுப் பார்த்து முகம் வாடிக் கிடந்தவர், மொட்டைமாடியில் கத்திரிச்செடி வைத்த பிறகுதான் பழையபடி இன்னொரு கரண்டி சோறு கேட்டுச் சாப்பிட்டார். மனைவி வத்சலாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தப் பூரிப்பில்தான் எதிர்வீட்டு ஜெசிந்தாவுக்கு ஒரு கிண்ணம் நிறையக் கத்திரிக்காய் கொடுத்தாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மனம் வராமல், ஜெசிந்தா அதில் ஒரு கை சர்க்கரை போட்டுத் தந்தாள்.

மறுநாளே பொழுதுபோக்குத் துறை அலுவலர் வந்துவிட்டார்.

"பொருள் குடுத்துப் பொருள் வாங்கியிருக்கீங்கம்மா. அது வியாபாரம். வியாபாரம்னா வேலை. செடிகளை எடுத்துட்டுப் போகணும்."

"பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்பித் தருவாங்களா சார்? உங்க வீட்டுல தருவாங்களா?"

"தர மாட்டாங்க," என்றார் அவர் சங்கடமாக. "அதனாலதான் நாங்க யாருக்கும் எதுவும் குடுக்கறதில்ல."

செல்வகணபதி சிறு மண்வெட்டியை எடுத்து வந்தார். எங்காவது பிழைக்கட்டும் என்று ஒவ்வொரு செடியையும் வேர் அறாமல் பெயர்த்துக் கொடுத்தார்.

"வேற ஏதாவது பொழுதுபோக்கு எடுத்துக்கங்க சார்," என்றார் அலுவலர். "யாருக்கும் பிரயோசனப்படாததா இருந்தா சரி."

"சும்மா உக்காந்திருக்கேன். அது ஆகுமா?"

வத்சலா மண் படிந்த அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அலுவலர் சிரிக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்குகளின் பட்டியலை நிதானமாகத் தேடிப் பார்த்தார்.

"இருக்கு சார்," என்று அதையே பதிந்துகொண்டார்.