காரணம் எழுதவும்

"இதுல ஒரு வரியை அழிக்கறது எப்படி பத்ரி?"

இணையக் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்த அன்றைக்கு ஜம்பு கேட்ட முதல் கேள்வியே அதுதான். எழுதுவது எப்படி என்று அவர் கேட்கவேயில்லை.

பத்ரிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இப்போது பம்பாய் மாட்டுங்காவில் ஜம்புவின் ஃப்ளாட்டில் உட்கார்ந்து பத்ரி பொரிந்துகொண்டிருந்தார்.

"ஊர்ல எல்லாரும் எழுத வரா. நீ அழிக்க வந்திருக்கே! அதுவும் நான் எழுதின கட்டுரையில, அதே வரியை! நான் திருப்பிப் போட்டா, நீ திருப்பி எடுக்கறே. உன்னைத் தடை பண்ணிடப் போறா."

"மெதுவாப் பேசு. மாமி உள்ளே படுத்திண்டிருக்கா" என்றார் ஜம்பு, மனைவி படுத்திருந்த அறையைப் பார்த்து.

பல வருஷங்களுக்கு முன் பம்பாயில் நடந்த ஒரு தீ விபத்தைப் பற்றிய கட்டுரை அது. பழைய பேப்பரைத் தேடிப் பிடித்து பத்ரி சேர்த்த வரி: 'நான்கு பேர் இறந்ததற்கு, விசாலாக்ஷி என்ற பெண் ஸ்டவ்வை அணைக்க மறந்ததே காரணம்.'

"பேப்பர்லயே வந்திருக்குடா! சான்று இருக்கு."

"இருக்கட்டும். அவளுக்கு அப்போ பதினெட்டு வயசு. பேர் எதுக்கு? என்னிக்காவது அவ கண்ணுல பட்டா?"

"படட்டுமே! உண்மைதானே? சரி, அழிச்சியே, 'காரணம் எழுதவும்'னு ஒரு பெட்டி கேக்கறதே, அதையாவது நிரப்பினியா? காலியா விட்டிருக்கே!"

ஜம்பு காபி போட எழுந்தார்.

"இன்னிக்கும் நீதானா? இருபது வருஷமா வரேன், மாமி அடுப்பைப் பத்த வச்சு நான் பார்த்ததே இல்லை. கொடுத்து வச்சவா!"

ஜம்பு காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

வாசல் மணி அடித்தது. பார்சல்காரன்.

"விசாலாக்ஷி ஜம்புநாதன்?"

உள்ளேயிருந்து தலைமுடியை முடிந்துகொண்டே மாமி வந்தாள்.

"ஹாங் பையா, மேரா ஹி ஹை" என்று பார்சலை வாங்கிக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் பத்ரிக்கு அவள் மாமிதான். பேர் என்னவென்று கேட்டதேயில்லை.

"காபி ஆறிப் போறதே, குடிக்கலியா?" என்றாள் மாமி.

பத்ரி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வரியைத் தன் கையாலேயே அழித்தார்.

'காரணம் எழுதவும்' என்றது பெட்டி.

காலியாகவே விட்டார்.