மணிக்கூண்டுச் சாவி

"சாவியைக் கொடுத்துடும்மா. இன்னும் மானம் போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் மகள்.

பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எதிரே புதுப் பாதிரியார் உட்கார்ந்திருந்தார். பங்குக்கு வந்து மூன்றே மாதம், அதற்குள் தலையில் இப்படி ஒரு பஞ்சாயத்து. அவர் முன்னால் இருந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பங்கில் யாராவது இறந்தால், வயதுக்கு ஒன்றாகக் கோயில் மணி அடிக்கும். வியாழக்கிழமை காலை, நல்ல வெயிலில், எழுபத்தெட்டு முறை அடித்தது. கடைகளின் ஷட்டரை இறக்கினார்கள், பள்ளிக்கூடத்தை விட்டார்கள், இரண்டு பேர் மாலையோடு வந்தே விட்டார்கள். செத்தது யார் என்று பார்த்தால், ஒருவரும் இல்லை!

மணிக்கூண்டு வாசலில் அம்மாதான் நின்றிருந்தாள். "நான்தான் அடிச்சேன். புத்தி பிசகிப் போச்சு, மன்னிச்சிடுங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள்.

மகளுக்கு அதுதான் தாங்கவில்லை. அம்மாவை, 'கோயில் அக்கா' என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் மருமகளாக வந்த நாளிலிருந்து பீடத் துணி துவைப்பதும் பூ வைப்பதும் அவள் வேலை. எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் வெந்நீர்ப் பானையோடு நிற்பாள்; எந்த வீட்டில் சாவு என்றாலும் உடம்பைக் குளிப்பாட்டி உடுத்திவிட அவள்தான் போக வேண்டும். நான்கு பிள்ளைகளை ஆளாக்கியதும் இதற்கு நடுவில்தான். மணிக்கூண்டுச் சாவி நாற்பத்தாறு வருஷமாக அவள் பொறுப்பு. பதிவேட்டைத் திறக்காமலே யாருக்கு என்ன வயது என்று சொல்லிவிடுவாள். அப்பா கயிறு இழுத்த காலத்தில் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னதும் அவள்தான்.

"எழுபத்தெட்டு வயசுல பங்குல மூணு பேர் இருக்காங்க" என்றார் பாதிரியார். "ரெண்டு வீட்ல அழுகையே ஆரம்பிச்சிட்டாங்க."

"மூணாவது ஆள் நான்தான் சாமி. நான் அழுதேனா?" என்று அம்மா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சரி, யாருன்னு நெனச்சு அடிச்சீங்க?"

"ஞாபகம் இல்ல சாமி."

பதில் வெடுக்கென்று வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம்மா. இனிமே நீ என்கூடத்தான் இருக்கணும்."

"உங்கப்பாவை விட்டுட்டா? நல்லா இருக்குடி நீ சொல்றது!"

"அப்பாவுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காரு. தம்பி பாத்துப்பான்."

ஜன்னலோர நாற்காலியில் இருந்தார் அப்பா. இந்தப் புழுக்கத்திலும் கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். சாமி வந்த மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டாள் மகள். பாவம், அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "இவ்வளவு தூரம் வந்தியேம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. எழுந்து போய் முடிந்துவிட்டாள் மகள். "இதைக்கூட முடிஞ்சுக்காம, சாமி முன்னால வந்து உக்காந்திருக்க!"

"பாத்ரூம்ல விழுந்ததுலேர்ந்து இந்தக் கை ரெண்டும் தோளுக்கு மேல எங்கடி போகுது? உங்கப்பாதான் முடிஞ்சு விடுவாரு. இப்ப பக்கத்து வீட்டுக்காரி வர்றா."

"ஏன், அப்பாவுக்கு என்ன வந்துச்சாம்?"

"கிழவருக்கு இப்பதான் புதுசா வெக்கம் வந்திருக்கு" என்றாள் அம்மா.

சாவி எப்போதும் வாசல் ஆணியில் தொங்கும். வியாழக்கிழமையிலிருந்து அம்மாவின் முந்தானையில் இருந்தது. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள்.

"நாப்பத்தாறு வருஷம் சாமி. ஒரு நாள்கூடத் துருப்பிடிக்க விட்டதில்ல."

பாதிரியார் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். "நாளைக்குப் பூசையில பேரைச் சொல்லாம பொதுவா அறிவிச்சிடறேன்மா."

"வேணாம் சாமி. என் பேரைச் சொல்லியே அறிவிங்க. வேற யார் மேலயும் சந்தேகம் வரக் கூடாது."

அவர் போனதும் டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அம்மா சமையலறைக்குள் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தான் அழுவது வெளியே கேட்கக் கூடாது என்றால் சின்ன வயதிலிருந்தே அம்மா இப்படித்தான் செய்வாள்.

மகள் அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "நீங்களாவது அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதாப்பா?"

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மாவுக்கு எழுபத்தெட்டும் ஒண்ணுகூட குறையாம நான்தாம்மா அடிச்சேன்... ஆனா சாவுக்கு வந்த அந்தம்மா யாருன்னே தெரியல, இன்னும் வீட்டுக்குப் போகாம இங்கயே பாத்திரம் கழுவிட்டிருக்காங்க!"