மூன்றாவது வளைவு

“அவன் பயந்துட்டான், ஜோன்ஸ். அவ்வளவுதான் விஷயம்.”

ராஜகோபாலன் இதைச் சொன்னபோது டிவியில் பந்தயம் பாதிகூட முடியவில்லை. ஜோன்ஸுக்குச் சுருக்கென்றது. ஹார்பர் ரோட்டில் இருக்கும் அவனுடைய பைக் ஒர்க்‌ஷாப்பில் பந்தயம் பார்க்கக் கூடுகிறவர்கள் எல்லோருமே கிருபாநிதியின் ஆட்கள். கிருபாநிதி இதே ஊரில் திரேஸ்புரத்துக்காரன். கடல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்து, இன்று தேசிய அளவில் பைக் பந்தயம் ஓட்டுகிறவன். அவனை அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் இப்படிப் பேசியதில்லை.

ராஜகோபாலன் ஊருக்குப் புதிது. சென்னையிலிருந்து துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர். ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட வந்த அன்று டிவியில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு ஒரு பந்தயத்தையும் விட்டதில்லை.

“பயமா? இந்த வருஷம் ஒரு ரேஸுல விழுந்திருக்கானா சார்?” என்றான் ஜோன்ஸ். “ஆரம்பிச்ச ரேஸ் எல்லாத்தையும் முடிக்கான். அஞ்சாவது, ஆறாவது, மறுபடி அஞ்சாவது. ஒரே சீரா வாரான். அதுக்குப் பேருதான் ஃபார்ம்.”

“ஒரே சீராத்தான் பயப்படறான்.”

லாரி ஓட்டும் மகாராஜா சிரித்துவிட்டான். “ஏலே ஜோன்ஸு, சார் சொல்லுததுலயும் விஷயம் இருக்குலே. போன வருஷம் எப்படி ஜெயிச்சான்? இப்ப முன்னால போறவன் முதுகைப் பாத்துக்கிட்டேல்லா வாரான்.”

“ஒரு ரேஸ் ஜெயிச்சிட்டு அடுத்த ரேஸுல ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு இவன் மேலுலே. வருஷக் கடைசில பாயிண்டைக் கூட்டிப் பாரு, தெரியும்.”

“இங்க பாருங்க,” என்று ராஜகோபாலன் டிவியைக் காட்டினார். “நேர் ரோட்டில அவன் யாருக்கும் குறைச்சலில்லை. மத்த வளைவுல எல்லாம் அவ்வளவு சாயறான், முட்டி தரையில உரசுது. இப்போ மூணாவது வளைவு வருது. பாருங்க. பிரேக் பிடிச்சிட்டான். தேவையே இல்லை. ரெண்டு பேர் தாண்டிப் போயிட்டாங்க. ஒவ்வொரு சுற்றிலும் இதே இடம்.”

ஜோன்ஸும் அதைக் கவனித்திருந்தான். மகாராஜாவும்தான். ஆனால் அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

“அந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியாமப் பேசாதீய சார்.” ஜோன்ஸ் குரலைத் தணித்துக்கொண்டான். “போன வருஷக் கடைசி ரேஸு. முன்னால போன ஒரு பையன் அங்கன சறுக்கி விழுந்துட்டான். ஒட்டிக்கிட்டே பின்னால வந்தது இவன். ஒதுங்க இடமில்லை. வண்டி அந்தப் பையன் மேல ஏறிட்டு. நரேன்னு பேரு. அங்கனயே உயிர் போயிட்டு. அந்த இடத்தை வேகமாத் தாண்ட எவனுக்கு மனசு வரும்?”

“தெரியும்,” என்றார் ராஜகோபாலன். “விழுந்தது அந்தப் பையனோட தப்பு. அந்த வேகத்துல வண்டியை அப்படிச் சாய்க்கக் கூடாது. அவசரக்காரன். பின்னால வந்தவன் என்ன செய்வான்?”

மகாராஜாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. ஜோன்ஸ் எழுந்தேவிட்டான்.

“செத்துப்போன பிள்ளையைப் போயா குத்தம் சொல்லுதீய?”

“தப்பு அவனோடதுதானே? சொன்னா என்ன?”

“அவன் யாரோ எவனோ. நான் முகத்தைக்கூட நேர்ல பாத்ததில்ல. ஆனாலும் பனிமய மாதா கோயில்ல அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன். நீங்க என்னடான்னா, இங்க உக்காந்து டீயைக் குடிச்சிக்கிட்டு அவனை அவசரக்காரன்ங்கீய. மனுசன் பேசுத பேச்சா சார் இது?”

ராஜகோபாலன் அவனை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருபாநிதி ஆறாவதாக வந்தான். மகாராஜா லாரியை எடுக்க வேண்டுமென்று கிளம்பிப் போனான். பரிசளிப்பும் முடிந்தது. ராஜகோபாலன் மட்டும் ஸ்டூலைவிட்டு நகரவில்லை.

ஜோன்ஸ் டிவியை அணைத்தான். “கடை அடைக்கணும் சார். இனிமே ரேஸ் பாக்க இங்க வராதீய.”

“சரி ஜோன்ஸ். ஒரு போன் வரணும். பேசிட்டுப் போயிடறேன்.”

“வெளிய நின்னு பேசுங்க.”

அவர் எழுவதற்குள் போன் அடித்தது. வீடியோ கால். ரோட்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் எதுவும் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டார். ஷட்டரை இழுக்கப் போன ஜோன்ஸ் தற்செயலாகத் திரையைப் பார்த்தான்.

கிருபாநிதி.

பந்தய உடையைக்கூட இன்னும் கழற்றவில்லை. வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு ஊரில் ஒருவர் போனையும் எடுக்காதவன். ஜோன்ஸ் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டான். அவன் இந்த மனிதரைத் தானாகவே கூப்பிடுகிறான் என்பதை ஜோன்ஸால் நம்ப முடியவில்லை.

“இன்னைக்கும் கை தானா பிரேக்கைப் பிடிச்சிட்டு,” கிருபாநிதியின் குரல் உடைந்தது. “என்னால முடியல, நரேன் அப்பா.”

ஜோன்ஸ் ஷட்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

“விழுந்தது என் பையன் தப்புன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது கண்ணா?” என்றார் ராஜகோபாலன். “அடுத்த தடவை அந்த இடத்தில வேகத்தைக் குறைக்காமப் போ.”