பானையைச் சுற்றும் பாட்டு

“பாட்டு நல்லாத்தான் பாடுது மிஸ். ஆனா எதிர்ல வந்து எல்லாரையும் முட்டித் தள்ளுதே. ஆண்டு விழாவுக்கு அந்தப் பாப்பா வேணாம், எடுத்துடுங்க” என்றார் தாளாளர் பலராமன்.

அறிவுமதிக்குச் சுருக்கென்றது. கிரிவலப் பாதையை ஒட்டி வேங்கிக்காலில் இருந்த அந்த மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. மொத்தமும் அவள் பொறுப்பு. பானைப் பாட்டும் அவளே எழுதியதுதான். நடுவில் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஒரு மண்பானை. இருபத்து மூன்று குழந்தைகளும் கைதட்டிப் பாடிக்கொண்டே அதைச் சுற்றி வர வேண்டும்.

குண்டுப் பானை, குண்டுப் பானை,
உள்ளே என்ன இருக்கு?
சுத்திச் சுத்திப் பார்க்கலாம்,
சுண்டல் வெந்து கிடக்கு.

எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று பாடக்குறிப்பில் அவள் எழுதவே இல்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. முதல் நாளே இருபத்திரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி வலமாகக் கிளம்பிவிட்டார்கள். ஜீனத் மட்டும் இடமாக வந்தாள். அன்றிலிருந்து தினமும் இதே கூத்து.

“ஒரு வாரம் டைம் குடுங்க சார், பழக்கிடறேன்.”

“இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க? கையில ரிப்பன் கட்டினீங்க, தரையில சாக்பீஸால அம்பு போட்டீங்க. ஒண்ணும் நடக்கலையே.”

அதுவும் உண்மைதான். ரிப்பன் கட்டியதில் ஜீனத்துக்கு ஏக சந்தோஷம். ரிப்பனை ஆட்டிக்கொண்டே இடமாகச் சுற்றினாள். சாக்பீஸ் அம்புகளை மிதிக்காமல் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு எதிரே வந்தாள். கவிநிலாவின் பின்னால் நிறுத்தி, ஃப்ராக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்வாள். பாட்டு ஆரம்பித்ததும் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். பாடக்குறிப்பு நோட்டில் ‘ஜீனத் - தவறு’ என்று நான்கு நாளாக எழுதி எழுதி அறிவுமதிக்கே அலுத்துப்போயிருந்தது.

“ஒன்வேயில எதிர்ல வர்ற பைக்கு மாதிரி வருது” என்று சிரித்தாள் ஆயா பாஞ்சாலை. “ஆனா மிஸ், அது மூஞ்சியப் பாத்தீங்களா? தெரியாம தப்புப் பண்ற புள்ள மூஞ்சியா அது?”

பலராமன் அதைக் காதில் வாங்கவில்லை. “எனக்கென்னவோ இடது வலது தெரியலைன்னுதான் தோணுது. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிடலாம். சாயங்காலம் அவங்க அப்பா அம்மாவ வரச் சொல்லியிருக்கேன். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.”

நாலு வயதுப் பெண்ணுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் சாந்த் பாஷாவும் முன்னி பேகமும் வந்தார்கள். சாந்த் பாஷா தையல்காரர். விழாவுக்கு மகள் போட வேண்டிய மஞ்சள் பாவாடையைத் தானே தைத்து முடித்திருந்தார்.

“டிரஸ்ஸைக் கழட்ட மாட்டேங்குது மிஸ். போட்டுக்கிட்டேதான் தூங்குது” என்று பெருமையாகச் சொன்னார். அறிவுமதிக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

“பாப்பாவுக்கு என்ன மிஸ்? ஏதாவது வம்பு பண்ணுச்சா?” என்று கேட்டாள் முன்னி பேகம்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பாட்டுல ஜீனத்துதான் ஃபர்ஸ்ட். வட்டமா சுத்தும்போது மட்டும் பக்கம் மாறிடுது. வீட்ல செருப்பை மாத்திப் போடுறது, கை மாத்திச் சாப்பிடுறது, அந்த மாதிரி ஏதாவது உண்டாங்க?”

“இல்லவே இல்லை மிஸ். நான் மாத்திப் போட்டாலே அது என்னைத் திட்டும்” என்றார் சாந்த் பாஷா.

“எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க பாய். விழாவுல வேற ஏதாவது சின்னதா குடுத்துக்கலாம்” என்றார் பலராமன்.

முன்னி பேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் பாஞ்சாலையோடு நின்றிருந்த மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“ஏன் கண்ணு, எல்லாரும் போற பக்கமா நீ ஏன் போகல? தெரியலையா உனக்கு?”

“தெரியுமே” என்றாள் ஜீனத்.

“அப்புறம் ஏன் போகல?”

இதுகூடவா உங்களுக்குத் தெரியாது என்பதுபோல அம்மாவையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள் ஜீனத்.

“அவங்கல்லாம் மலையைச் சுத்துறாங்க அம்மி. நான் மக்காவைச் சுத்துறேன்.”

சாந்த் பாஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “போன மாசம் நாங்க ரெண்டு பேரும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தோம் சார். அங்க காபாவை இடது பக்கமாத்தான் சுத்தணும். அதை வீடியோ கால்ல பாத்துக்கிட்டே பாப்பாவும் இங்க ஒரு ஸ்டூலைச் சுத்திச்சுன்னு எங்க தங்கச்சி சொல்லுச்சு.”

அறிவுமதி நோட்டைத் திறந்து, நான்கு ‘தவறு’களையும் அடித்தாள். ‘இரண்டு வட்டம். உள்வட்டம் இடமாகச் சுற்றும், முன்னால் ஜீனத் நடப்பாள்’ என்று எழுதித் தாளாளரிடம் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.