விளம்பரத்தில் இல்லாத சொல்

திருமுல்லைவாயிலில் அந்த வீட்டுக் கூடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. டிவியின் நீல வெளிச்சம் மட்டும் கட்டிலில் சாய்ந்திருக்கும் வீரராகவனின் முகத்தில் ஏறி இறங்குகிறது. ஆடியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. கிரிக்கெட்டுக்கு நடுவே அந்த விளம்பரம் மறுபடி வருகிறது. சோபாவில் புதைந்திருக்கும் பெண், மேசைமேல் இருக்கும் குட்டி ஸ்பீக்கரைப் பார்த்து, "விளக்கை ஒளிரச் செய்" என்கிறாள். அவள் வீடு முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவுகிறது. வழக்கம்போல அவர் உதடுகளும் கூடவே அசைகின்றன. சமையலறையில் அவர் மனைவி கலைவாணி அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். கூடத்திலிருந்து குழறலாக ஒரு குரல்: "லை...ட்டப் போடுமே." களையும் கை தண்ணீருக்குள் அப்படியே நிற்கிறது. டிவிக்காரிக்கு 'மே' போட்டுப் பேச வராது. கலைவாணியை அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். "இன்னாய்யா சொன்ன?" என்றபடி கூடத்துக்கு ஓடிவருகிறாள். கோணிய வாய் மெல்லத் திறக்கிறது. "இருட்டா... கீதுமே." ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு சுவிட்சைத் தட்டுகிறாள். டியூப்லைட் சிமிட்டிச் சிமிட்டிக் கடைசியில் எரிகிறது. அவர் கண் கூசுகிறது. அவள் அவரையே பார்க்கிறாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, சுவிட்சின்மேல் விரலை வைத்தபடி இருட்டில் நிற்கிறாள். "இன்னொரு தபா சொல்லுய்யா."